நபிர் அசுவின் பெயர்

அன்புள்ள ஐயா,

எலாமியர்கள் பழந்தமிழரே என்றும், ‘ஈழம்’தான் ‘எலாம்’ எனத் திரிந்தது என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன். மெக்ஆல்பின் என்ற அமெரிக்க அறிஞர் இதை நிறுவிவிட்டாராம். பிறகு ஏன் நம் பாடநூல்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை? நீங்களாவது எழுதக் கூடாதா?

தங்கள் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எலாம் என்பது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே அல்ல. இன்றைய இராக்கில் அந்தக் காலத்தில் வாழ்ந்த அக்காத் மொழியினர் ‘எலம்து’ என்றார்கள். விவிலியத்தின் வழியாக அது எலாம் ஆனது. இன்றைய ஈரானின் தென்மேற்கில், சூசாவிலும் அன்ஷானிலும் வாழ்ந்த அந்த மக்கள் தம் நாட்டை ஹதம்தி என்று எழுதினார்கள். ஹதம்தியிலிருந்து ஈழத்துக்குப் பாதை இல்லை.

மெக்ஆல்பின் 1981இல் வெளியிட்டது ஒரு கருதுகோள். எலாமிய மொழியும் திராவிட மொழிகளும் ஒரே மூதாய் மொழியிலிருந்து பிரிந்தவை என்றார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் அந்த ஒப்பீட்டில் மனம் லயிப்பதை நான் மறைக்கப்போவதில்லை. எலாமியத்தில் ‘சுங்கிர்’ என்றால் அரசன், ‘சுங்கிப்’ என்றால் அரசர்கள், ‘சுங்கிக்’ என்றால் அரசனாகிய நான். நம் ‘அடியான், அடியார், அடியேன்’ நினைவுக்கு வருகிறதல்லவா? ‘நீ’ என்பதற்கு அவர்கள் ‘நு’ என்றார்கள். ஆனால் ‘நான்’ என்பதற்கு வெறும் ‘உ’. ஒன்று பொருந்தினால் அடுத்தது நழுவுகிறது. இதை வைத்து உறவுமுறை கொண்டாட முடியாது. மெக்ஆல்பின் சொன்னதே உண்மையானாலும், எலாமியர் நமக்குத் தூரத்து உறவினர் ஆவார்களே தவிர, தமிழர் ஆக மாட்டார்கள்.

எனக்கு அவர்கள்மீது பற்று வந்தது வேறொரு வழியில். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் தலையில்லாத ஓர் அரசியின் சிலை இருக்கிறது. 1903இல் சூசாவில் கிடைத்தது. செம்பும் வெண்கலமுமாக 1,750 கிலோ எடை. வயிற்றின்மேல் ஒன்றன்மீது ஒன்றாக வைத்த கைகள், விரலில் மோதிரம், தரை தொடும் பாவாடையில் நுணுக்கமான வேலைப்பாடு. அவள் பெயர் நபிர் அசு. சோகா ஸன்பில் என்ற இடத்தில், பக்கத்துக்கு 105 மீட்டர் அளவில் கோபுரக் கோயில் எழுப்பிய எலாமிய மன்னன் உந்தாஷ் நபிரிஷாவின் மனைவி. பாவாடையில் அவள் வாக்காகவே ஒரு சாபம் பொறிக்கப்பட்டிருக்கிறது: என் சிலையைக் கவர்பவனும், உடைப்பவனும், என் பெயரை நீக்குபவனும் தெய்வங்களின் தண்டனைக்கு ஆளாகட்டும், அவன் பெயரும் வாரிசும் இல்லாமல் போகட்டும்.

அவளுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, கி.மு. 647இல், அசீரிய மன்னன் அசுர்பனிபால் சூசாவை அழித்தான். அரசர்களின் கல்லறைகளை உடைத்து எலும்புகளை எடுத்துச் சென்றதாகவும், மண்ணில் உப்பைத் தூவியதாகவும் அவனே பெருமையாக எழுதிவைத்திருக்கிறான். தலை போன சிலையில் பெயர் மட்டும் பிழைத்தது. அவளைத் தமிழ் அரசி என்று எழுதும்போது நாம் அந்தப் பெயரில்தான் கை வைக்கிறோம். அன்பினால் செய்தாலும் அது நீக்கல்தான்.

எலாமிய மொழி அந்த அழிவோடு முடியவும் இல்லை. ஈரானின் பெஹிஸ்தூன் மலையில் பாரசீக மாமன்னன் தாரியஸ் தன் வெற்றிகளை மூன்று மொழிகளில் பொறித்தான். அவற்றில் ஒன்று எலாமியம். பெர்செபோலிஸில் பாரசீக அரசின் கணக்கர்கள் தொழிலாளருக்கு அளந்த தானியத்தையும் மதுவையும் எலாமிய மொழியில்தான் குறித்துவைத்தார்கள். அந்தக் களிமண் பலகைகள் 1933இல் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. தோற்றவர்களின் மொழி, வென்றவர்களையும் தாண்டிப் பேரரசு ஒன்றின் கணக்கு மொழியானது.

பாடநூலில் ஒரு வரி வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்கும் உண்டு. அதை எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தால், ஹதம்தி என்ற சொல்லில் தொடங்குவேன்.

அன்புடன்.