டோனி செத்தான், நீங்கள் ஏன் வாசலோடு திரும்பினீர்கள்?

கேள்வி: எனக்கு 47 வயது, அண்ணனுக்கு 52. ‘தி சோப்ரானோஸ்’ என்ற அமெரிக்க டிவி தொடரை இருவரும் சேர்ந்து பார்த்து முடித்தோம். கடைசியில் திரை சட்டென்று கறுப்பாகிறதே, அங்கேயே அதன் நாயகனான தாதா டோனி சோப்ரானோ சுடப்பட்டுச் செத்தான் என்பது என் கட்சி. சாகவில்லை, அவன் பிழைப்பு அப்படியே ஓடுகிறது என்பது அண்ணன் கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது காரில் இந்தப் பேச்சு முற்றிவிட்டது. போய்ச் சேர்ந்தும் ஓயவில்லை. பார்வை நேரம் முடிந்துவிட்டதால் அப்படியே திரும்பிவிட்டோம். (அம்மாவுக்கு மறதி நோய். அதற்கு முந்தின தடவை என்னை யாரென்று கேட்டார். அண்ணனை மட்டும் தெரிந்தது.) “சின்ன வயசிலிருந்தே உனக்கு எல்லாமே அரைகுறை” என்று அண்ணன் சொன்னதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நாலு மாதமாகப் பேச்சில்லை. யார் சொல்வது சரி? நான் இறங்கிப் போக வேண்டுமா?
— ஆர்., திருச்சி

பதில்: செத்தான். உங்கள் கட்சிதான் என் கட்சியும்.

கடைசிக் காட்சி நடக்கிற ஹோல்ஸ்டன்ஸ் என்ற சாப்பாட்டுக் கடையில் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் டோனி நிமிர்ந்து பார்க்கிறான். அவன் கண்ணுக்குத் தெரிவதை அடுத்த ஷாட்டில் நமக்கும் காட்டுகிறார்கள். மனைவி வருகிறாள், மகன் வருகிறான், மகனுக்கு ஓரடி முன்னால் ‘மெம்பர்ஸ் ஒன்லி’ பிராண்டு ஜாக்கெட் போட்ட அந்த ஆசாமி வந்து, பிறகு கழிப்பறைப் பக்கம் போகிறான். காரை ஓரங்கட்டத் தெரியாமல் திணறிய மகள் ஒருவழியாக ஓடி வருகிறாள். மணி அடிக்கிறது, டோனி நிமிர்கிறான், அப்புறம் கறுப்பு. அவன் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சாவு வரும்போது சத்தம்கூடக் காதில் விழாதோ என்னவோ என்று டோனியின் அக்கா புருஷன் பாபி முன்பு ஒரு எபிசோடில் படகில் உட்கார்ந்து சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். தொடரை உருவாக்கிய டேவிட் சேஸும் பல வருஷம் பிடிகொடுக்காமல் இருந்துவிட்டு, 2021ல் ஒரு பேட்டியில், முதலில் தான் யோசித்து வைத்திருந்த முடிவைச் சொன்னார்: கொல்லப்படப் போகிற ஒரு சந்திப்புக்காக டோனி நியூயார்க்குக்குக் காரோட்டிப் போவது. அண்ணன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. திரையில் யாரும் சுடவில்லை. கடைசி எபிசோட் ஒளிபரப்பான 2007 ஜூன் 10 ராத்திரி அமெரிக்காவில் எத்தனையோ பேர் கேபிள்தான் போய்விட்டதென்று நினைத்தார்கள்.

தீர்ப்பு சொல்லியாயிற்று. இனி நீங்கள் கேட்காததற்கு வருகிறேன்.

“பார்வை நேரம் முடிந்துவிட்டதால் அப்படியே திரும்பிவிட்டோம்.” என்னவோ ரேஷன் கடை பூட்டியிருந்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள்! நேரம் தானாக முடியவில்லை ஐயா, இரண்டு பேரும் சேர்ந்து முடித்தீர்கள். வாசலில் வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டுக்கொண்டு, நியூஜெர்சியில் ஒரு தாதா செத்தானா பிழைத்தானா என்று வாதாடியே முடித்தீர்கள். உள்ளே என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்கிறேன். இந்த இல்லங்களுக்கு நான் போய்வருகிறவள். பிள்ளைகள் வருகிற நாளென்றால் ஆயாம்மா மத்தியானமே தலையைப் படிய வாரி, பவுடர் போட்டு, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டி, வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார். இருட்டியதும் அதே ஆயாம்மா உள்ளே கூட்டிப் போய்ப் புடவையை மாற்றிவிடுவார். அம்மாவுக்கென்று அன்றைக்கு என்ன வாங்கிப் போனீர்கள்? பழமோ பிஸ்கட்டோ, பின் சீட்டில் இருந்தது என்ன ஆயிற்று? வெறுங்கையோடு போயிருந்தால் அதற்குத் தனியாகத் திட்ட வேண்டும்.

ஜாக்கெட்டையும் கதவு மணியையும் இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர்கள், அதே கடைசி எபிசோடில் பெரியப்பா ஜூனியரைப் பார்க்க டோனி போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. புத்தி பேதலித்த நிலையில் டோனியின் வயிற்றிலேயே சுட்டவர் அவர். இப்போது அரசு மனநலக் காப்பகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், எதிரில் நிற்பது யாரென்று புரியவில்லை. நீங்களும் என் அப்பாவும் சேர்ந்து வடக்கு ஜெர்சியையே ஆண்டீர்கள் என்று டோனி நினைவூட்டுகிறான். அப்படியா, சரி, நல்லது என்கிறார் பெரியவர். அதற்குமேல் டோனியால் நிற்க முடியவில்லை, வெளியேறிவிடுகிறான். பணக்கணக்கு ஒன்றைக் கேட்கத்தான் போனான், மகாத்மா இல்லை. ஆனாலும் அந்தக் கொலைகாரன் உள்ளே போனான். நீங்கள் போகவில்லை.

காரணம் உங்கள் அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கிறது. இன்னொரு தடவை அம்மா உங்களை யாரென்று கேட்டுவிடுவார் என்று பயம். அண்ணனுக்கும் பயம்தான், அடையாளம் தெரிகிற பிள்ளையிடம்தானே “வீட்டுக்கு எப்படா கூட்டிட்டுப் போவ?” என்று கேட்பார்கள்? இறங்காமல் இருக்க இரண்டு பேருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்தது. டோனி கிடைத்தான்.

பெற்றவளை இல்லத்தில் விடுவது எனக்குப் பிடித்தமில்லை, மறைக்க மாட்டேன். ஆனால் மறதி நோய்க்காரரை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்வது என்னவென்று தெரியும், அதனால் சேர்த்ததற்காகத் திட்டவில்லை. சேர்த்தபின் வாசலில் உட்கார்ந்திருந்ததற்குத்தான் திட்டுகிறேன். அந்தத் தொடர் முடிந்த அதே 2007ல்தான் நம் நாட்டிலும் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. மாதாமாதம் பணம் கொடு என்று தீர்ப்பாயம் உத்தரவு போடும். பக்கத்தில் போய் உட்கார் என்று எந்தத் தீர்ப்பாயமும் சொல்லாது. அது உங்கள் பாடு. இந்த நாலு மாதத்தில் யாராவது போனீர்களா என்றுகூடக் கடிதத்தில் இல்லை. ஒரே காரில் போய்ப் பழகியவர்கள், பேச்சு நின்றதும் போவதும் நின்றிருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

அரைகுறை என்று திட்டினாராம். திட்டட்டுமே. ஐந்து வயது மூத்தவர் ஒரு வார்த்தை சொன்னால் தேய்ந்தா போய்விடுவீர்கள்? அதோடு, அன்றைக்குப் போன காரியத்தை அரைகுறையாக விட்டது இரண்டு பேரும்தான், அவர் வார்த்தையில் பாதி அவருக்கே சேரும். இறங்கிப் போக வேண்டுமா என்றால், ஆம், இளையவர்தான் போக வேண்டும். நான் அப்படி வளர்ந்தவள்.

இன்றைக்கே ஃபோன் போடுங்கள். டோனி பேச்சை எடுக்காதீர்கள், மன்னிப்பும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று மட்டும் கேளுங்கள். போனதும் வண்டியை அணைத்துவிட்டு முதலில் நீங்கள் இறங்குங்கள். யாரென்று அம்மா கேட்டால், “நான் உங்க சின்னவன்மா” என்று சொல்லுங்கள். திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்லுங்கள். அண்ணன் வரமாட்டேன் என்றால் பஸ் பிடித்துப் போங்கள்.