12 தோல்விக்கு எதுக்கு இவ்ளோ சந்தோஷம்?

தம்பி, நீ எழுதுனதப் படிச்சு சிரிச்சுட்டேன். லெக்சிங்டன் வந்து மூணு வாரந்தான் ஆகுது, லேப்ல எல்லாரும் கென்டக்கி யூனிவர்சிட்டி பேஸ்கட்பால் கோச் மார்க் போப் பத்திப் பேசிட்டிருந்தப்ப "காலேஜ் டீம் தானே, முதல் சீசன்லயே 12 மேட்ச் தோத்துருக்காரு, இதுக்கு எதுக்கு இவ்ளோ சந்தோஷம்"னு நீ கேட்டுருக்க, ரூமே கப்சிப்புன்னு ஆயிருச்சு. என்ன தப்புன்னு கேக்குற. நானும் 2011ல வந்த புதுசுல இதவிட மோசமா ஒண்ணு கேட்டேன், அத அப்புறம் சொல்றேன்.

மொதல்ல "காலேஜ் டீம் தானே"ங்கறத விட்டுரு. கென்டக்கில காசுக்கு ஆடுற பெரிய லீக் டீம் எதுவும் கிடையாது, பேஸ்கட்பாலுக்கு என்பிஏ டீம் கிடையாது, அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு என்எஃப்எல் டீம் கிடையாது, பெரிய பேஸ்பால் டீமும் கிடையாது. மாநிலத்துக்கே இந்த யூனிவர்சிட்டி டீம் தான் சொந்த டீம், காலேஜ் வாசல மிதிக்காத ஆளு கூட நீலச் சட்டை போட்டுட்டுத் திரிவான். 8 தடவ நேஷனல் சாம்பியன். இவங்க ஆடுற ரப் அரீனால 20,000 பேர் உக்காரலாம், அது எந்த ரப்னா 1930லருந்து 1972 வரைக்கும் 42 வருஷம் கோச்சா இருந்த அடால்ஃப் ரப். 2012ல கப்பு ஜெயிச்சப்ப ஸ்டேட் ஸ்ட்ரீட்ல பசங்க சோபாவத் தூக்கிப் போட்டுக் கொளுத்துனாங்க, சந்தோஷத்துல தான், ஏன்னு கேக்காத எனக்கும் புரியல.

ஆனா நீ கேட்ட 12 தோல்வி விஷயம் உண்மையிலயே நல்ல கேள்வி. ஏன்னா இதே ஊரு ஒரு கோச்ச வருஷத்துக்கு 10 மேட்ச் தோக்குறாருன்னு "டென் லாஸ் டப்பி"ன்னு பட்டப்பேர் வச்சு ஓட்டுன ஊரு. டப்பி ஸ்மித், 1997ல வந்தாரு, முதல் சீசன்லயே, 1998ல, சாம்பியன் ஆக்கிட்டாரு. அதான் அவருக்கு வினையே. அதுக்கப்புறம் 9 வருஷம் இருந்தும் ஃபைனல் ஃபோர், அதாவது நேஷனல் டோர்னமென்ட்டோட கடைசி நாலு டீம், அது பக்கம் ஒரு தடவ கூடப் போக முடியல, ஜனங்க முணுமுணுத்துக்கிட்டே இருந்தாங்க, 2007ல மின்னசோட்டாவுக்குப் போயிட்டாரு. இங்க வந்த முதல் கறுப்பினக் கோச் அவர், அந்த முணுமுணுப்புல அதுக்கும் பங்கு உண்டுன்னு சொல்றவங்க இருக்காங்க, நானும் அப்படித்தான் நெனைக்கிறேன். அடுத்து வந்த பில்லி கில்லிஸ்பி ரெண்டாவது மேட்ச்சுலயே சொந்த அரீனால கார்ட்னர்-வெப்னு ஒரு சின்னக் காலேஜ்கிட்ட தோத்தாரு, ரெண்டே வருஷத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அப்புறம் ஜான் காலிபாரி, முதல் சீசன் 35 வெற்றி 3 தோல்வி.

இப்படிப்பட்ட எடத்துல போப்போட 24 வெற்றி 12 தோல்விக்கு எப்படி சந்தோஷம் வரும்?

2024 ஏப்ரல்ல போப் பேரு வெளிய வந்தப்ப நீ இங்க இருந்திருக்கணும். காலிபாரி 15 சீசனுக்கப்புறம் திடீர்னு ஆர்கன்சாஸ் யூனிவர்சிட்டிக்குக் கோச்சாப் போயிட்டாரு, ஊருக்குப் பாதி கோவம் பாதி நிம்மதி, ஏன்னா கடைசி வருஷங்கள்ல மார்ச் மாசம் நேஷனல் டோர்னமென்ட் வந்தாலே மானம் போச்சு, 2022ல செயின்ட் பீட்டர்ஸ்னு ஒரு சின்னக் காலேஜ்கிட்ட முதல் ரவுண்டுலயே அவுட், 2024ல ஓக்லண்ட்கிட்ட மறுபடி அதே மாதிரி. சரி, பெரிய பேரா யாராச்சும் வருவாங்கன்னு பாத்தா பேய்லர் கோச் ஸ்காட் ட்ரூ வரலன்னுட்டாரு, கடைசில வந்தது யூட்டால பிஒய்யூங்கற யூனிவர்சிட்டில 5 வருஷம் இருந்து மார்ச் டோர்னமென்ட்ல ஒரு மேட்ச் கூட ஜெயிக்காத மனுஷன். எங்க ஆபீஸ்ல அன்னைக்கு எழவு வீடு மாதிரி இருந்துச்சு, சத்தியமா.

ரெண்டு மூணு நாள்தான். ஞாயித்துக்கெழம ரப் அரீனால அறிமுக விழா வச்சாங்க, அரீனா நெறஞ்சுருச்சு. மேட்ச் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரு மனுஷன் பேசறதக் கேக்க. போப் யாருன்னா 1996ல இங்க சாம்பியன் ஆன டீமோட கேப்டன். அன்னைக்குக் கூட ஆடுனவங்களயும் அந்தக் கோப்பையையும் கூட்டிட்டு வந்து நின்னாரு. பக்கத்து வீட்டுத் தாத்தா முந்தாநாள் வரைக்கும் திட்டிட்டிருந்தவரு, சாயங்காலம் வேலி ஓரத்துல நின்னு என்கிட்ட கண்ணத் தொடச்சுக்கறாரு. (போப் கொலம்பியா யூனிவர்சிட்டில மெடிக்கல் சீட்ட பாதில விட்டுட்டு கோச்சிங்குக்குப் போனவரு. நம்ம வீட்ல இதச் சொல்லிப் பாரு என்ன நடக்கும்னு.)

இன்னொரு விஷயம், அவரு வந்தப்ப டீம்னே ஒண்ணு இல்ல. பழைய பசங்கள்ல சில பேர் என்பிஏ, சில பேர் காலிபாரி பின்னாடியே ஆர்கன்சாஸ், ஸ்காலர்ஷிப்ல ஆடுனவங்க ஒருத்தர் மிச்சமில்ல. ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு இப்ப ஒண்ணு இருக்கே, பசங்க வருஷா வருஷம் காலேஜ் மாத்திக்கலாம், அதுலருந்து பொறுக்கிச் சேத்தாரு, லமான்ட் பட்லர், கோபி ப்ரே, ஒடேகா ஓவே, ஆன்ட்ரூ கார்னு எல்லாம் வேற வேற ஊரு. கூடவே கிழக்கு மலைல நிலக்கரி பூமி ஹார்லன் கவுண்டிப் பையன் ட்ரென்ட் நோவா, அது வேற ஜனங்களுக்கு உச்சி குளுந்துருச்சு. அதனால சம்மர்ல எல்லாரும் "டோர்னமென்ட்டுக்குள்ள போனாலே போதும்"னு தான் பேசிட்டிருந்தாங்க. நவம்பர்ல, அந்த வருஷத்துப் பெரிய ஸ்டார் கூப்பர் ஃப்ளாக் ஆடுன டியூக் யூனிவர்சிட்டி டீம 77-72னு ஜெயிச்சாங்க பாரு, மறுநாள் காலைலயே அதே வாய் "ஃபைனல் ஃபோர் போயிரலாம்"ங்குது. எதிர்பார்ப்புன்னு இவங்க சொல்றது இவ்ளோதான், வாராவாரம் மாறும்.

2025 ஜனவரி பிப்ரவரில அடி மேல அடி. பட்லருக்குத் தோள்பட்டை, ஜாக்ஸன் ராபின்ஸனுக்கு மணிக்கட்டு. பிப்ரவரி 1ஆம் தேதி காலிபாரியே ஆர்கன்சாஸ் டீமோட ரப்புக்குத் திரும்பி வந்து, ஊரே கூச்சல் போட்டும் அசராம 89-79னு ஜெயிச்சுட்டுப் போயிட்டாரு. வேற கோச்சா இருந்தா அன்னைக்கே முடிஞ்சது கதை. ஆனா அதே மாநிலத்து எதிரி லூயிவில் டீம ஜெயிச்சாச்சு, டென்னஸியையும் ரெண்டு தடவ அடிச்சாச்சு, மார்ச்ல ட்ராயையும் இல்லினாயையும் தாண்டி கடைசி 16 வரைக்கும் போனாங்க, 2019க்கு அப்புறம் அப்பத்தான் அது. அங்க அதே டென்னஸிகிட்ட 78-65னு தோத்தாங்க. மறுநாள் ஆபீஸ்ல யாரும் கோச்சத் திட்டல. 14 வருஷத்துல நான் பாக்காதது அது. தோத்தாலும் நம்ம பையன் தோத்தான்ங்கற மாதிரி ஒரு இது.

அதனால உன் தப்பு நம்பர் இல்ல, நம்பர் சரிதான். வீட்டுக்குப் புதுசா வந்த மருமகனோட சம்பளத்த எல்லாரு முன்னாடியும் கேட்ட மாதிரி ஆயிருச்சு, அவ்ளோதான். இந்த வருஷம் நீயே பாரு, அதே 12 வந்தா அவங்களே உன்கிட்ட வந்து எண்ணிக் காட்டுவாங்க.

நான் கேட்டது என்னன்னா, வந்த மொத மாசம் மேனேஜர்கிட்ட "டியூக் தான் ரொம்ப நல்ல டீமாமே"ன்னேன். 1992ல அதே டியூக்கிட்ட ஓவர்டைம்ல கடைசி ஷாட்டுல 104-103னு தோத்தத இன்னும் மறக்காத ஜனம் இது, கிறிஸ்டியன் லேட்னர்னு அந்த ஷாட்டப் போட்டவன் பேரச் சொன்னாலே மூஞ்சி மாறும், எனக்கென்ன தெரியும். ரெண்டு நாளு மனுஷன் மெயில்லயே பேசுனாரு.

நீ நாளைக்கு லேப்புக்குப் போய் "இந்த வருஷம் யாரு அதிக நேரம் ஆடுவாங்க"ன்னு மட்டும் கேளு, அவங்களே அரை மணி நேரம் பேசிருவாங்க. அப்புறம் ஆர்கன்சாஸ் மேட்ச்சுக்கு மறுநாள் ப்ரொஃபஸர்கிட்ட கையெழுத்து வாங்கறது எதாச்சும் இருந்தா, மொத ஸ்கோரப் பாத்துட்டுப் போ.