கால்நடை மருத்துவர்களின் சட்டக் கோரிக்கையோடு எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போவதில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரியாமல் போய் அசடு வழிந்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

'போலி கால்நடை மருத்துவர்களைத் தடுக்க நம் சட்டமன்றத்திலேயே சட்டத்தைத் திருத்த வைக்க முடியாதா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். படித்து முடித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். நீங்கள் வண்டியை எடுப்பதற்குள் பை நிறைய ஊசியோடு வேறொருவர் அந்த வீட்டுக்குப் போய்விடுகிறார், சரியா? எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

கன்று ஈன்று இரண்டாம் நாள், ஒரு கலப்பினப் பசுவுக்குப் பால் காய்ச்சல், அதாவது ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோவது. தலையை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருக்கும், காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும். கால்சியம் பாட்டிலைக் கழுத்து நரம்பில் மெதுவாக, பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, ஸ்டெதஸ்கோப்பில் இதயத்தைக் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும். சரியாகச் செய்தால் மாடு ஏப்பம் விடும், சாணி போடும், கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்து நிற்கும். இந்தத் தொழிலில் கைதட்டல் வாங்கித்தரும் வேலை அது ஒன்றுதான்.

நான் போவதற்குள் ஒருவர் ஏற்றி முடித்திருந்தார். பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து மூன்று நான்கு நிமிடத்தில் முழுசாக இறக்கியிருக்கிறார். இதயம் நின்று, மாடு காலை உதறிச் செத்துவிட்டது. வீட்டுக்காரப் பாட்டி என்னிடம், "அவரைக் குத்தம் சொல்லாதீங்க டாக்டரய்யா, கூப்பிட்டதும் வந்தது அவருதான்" என்றார்.

இதைப் படித்துவிட்டுக் கால்நடை ஆய்வாளர்கள் (முறையாகப் பயிற்சி பெற்ற துறை உதவியாளர்கள்) யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உங்களைச் சொல்லவில்லை. நான் சொல்லும் ஆளுக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. யாரிடமோ கூடவே சுற்றி ஊசி போடப் பழகியவர்.

அந்த வேகத்தில் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஐந்து பக்க மனு தயாரித்தோம். தட்டச்சு செய்து கொடுத்தவர் 'கால்நடை' என்பதை எல்லா இடத்திலும் 'கல்நடை' ஆக்கியிருந்தார், அதையும் கவனிக்காமல் எடுத்துப் போனோம். எங்கள் வாதம் எளிது. 2017 ஜனவரி 23 அன்று ஜல்லிக்கட்டுக்கு மசோதா கொண்டுவந்து அன்றைக்கே நிறைவேற்றினார்களே, இதற்கு ஏன் முடியாது?

எம்.எல்.ஏ. வக்கீல் தொழிலில் இருந்தவர். மனுவைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "டாக்டர், ஜல்லிக்கட்டு பொதுப் பட்டியல், மத்தியும் மாநிலமும் ரெண்டுமே சட்டம் போடலாம். மிருகவதைத் தடுப்பு அதில்தான் வருது, அதனால மாநிலம் திருத்தம் போட்டு ஜனாதிபதி ஒப்புதல் வாங்க முடிஞ்சது. உங்களோடது வேற கதை" என்றார்.

வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் புரிந்தது. கால்நடை மருத்துவப் பயிற்சியும் தொழிலும் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன, 15வது இனம். அப்படியானால் நம் கையில்தானே என்று தோன்றும். ஆனால் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984 வந்தது அரசியலமைப்பின் 252வது பிரிவின் வழியாக. சில மாநிலச் சட்டமன்றங்கள், 'எங்களுக்காக நாடாளுமன்றமே சட்டம் செய்யட்டும்' என்று தீர்மானம் போட்டன, மற்றவை பிறகு தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டன. அப்படி ஏற்றுக்கொண்ட சட்டத்தில் மாநிலம் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது, நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். ஐந்தரை வருடப் படிப்பில் அந்தச் சட்டத்தை ஒரு பாடமாகப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறவில்லை.

அப்போ மாநிலத்தில் கேட்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதே சட்டத்தின் 30வது பிரிவை எடுத்துப் பாருங்கள். பதிவு பெற்ற மருத்துவர்தான் தொழில் செய்யலாம் என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு விலக்கும் வைத்திருக்கிறார்கள். சான்றிதழ் படிப்பு முடித்த உதவியாளர்கள், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சேவைகள் செய்ய மாநில அரசு ஆணை போட்டு அனுமதிக்கலாம். தடுப்பூசி, காயடித்தல், காயத்துக்கு மருந்து கட்டுதல் இவை சட்டத்திலேயே இருக்கின்றன. இவற்றுக்கு மேல் எதைச் சேர்ப்பது என்பதை மாநில அரசு அறிவிக்கை மூலம் முடிவு செய்கிறது. நாம் நிற்க வேண்டிய இடம் அந்த அறிவிக்கைதான்.

இரண்டாம் முறை ஒரே ஒரு பக்கம் எடுத்துப் போனோம். ஒரே கோரிக்கை: யார் எதைச் செய்யலாம், யாருடைய மேற்பார்வையில் என்பதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை மானியக் கோரிக்கைக்கு (துறைக்கான நிதி பற்றிச் சட்டமன்றத்தில் நடக்கும் விவாதம்) மூன்று வாரம் முன்னால் போனோம், அது முக்கியம். விவாதத்துக்கு முந்தின நாள் போனால் எம்.எல்.ஏ. கையில் பேச்சு தயாராக இருக்கும். அவர் பேசினார். பதில், 'பரிசீலிக்கப்படும்.' அவ்வளவுதான், இதுவரை எதுவும் ஒட்டப்படவில்லை. பிறகென்ன பயன் என்று கேட்பீர்கள். அவைக்குறிப்பில் ஏறிவிட்டது அல்லவா? அடுத்த முறை அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்கலாம்.

ஆனால் அன்றைக்கு அவர் கேட்ட ஒன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. "சரி டாக்டர், அவரை நிறுத்திடறோம். ராத்திரி ரெண்டு மணிக்கு என் தொகுதியில மாடு படுத்தா நீங்க வருவீங்களா?" நண்பர்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பாட்டி சொன்னதும் இதையேதான்.

(அரசுப் பணியில் இருப்பவர்கள் நடத்தை விதிகளைப் பார்த்துவிட்டுச் சங்கத்தின் பெயரில் போங்கள். நான் தனியாகத் தொழில் செய்பவன், அதனால் போனேன். 'விளம்பரத்துக்குப் போனான்' என்று எழுதப்போகிறவர்களுக்கு: நாங்கள் புகைப்படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.)

ராத்திரி என்றதும் இன்னொன்று. சொந்தக்காரர்கள் தங்கள் வீட்டு நாய் கழித்ததைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி 'இது நார்மலா?' என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் பதினோரு மணிக்கு மேல். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் என் தம்பிக்கு யாராவது இப்படி அனுப்புகிறார்களா? கட்டணம் என்று ஒன்று இருப்பதே நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரியாதா?

எம்.எல்.ஏ.வின் உதவியாளரோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், நேரம் வாங்கித் தருவது அவர்தான். நானும் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் இரவு பதினொன்றரைக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. அறிவிக்கை வந்துவிட்டது என்று நினைத்துத் திறந்தேன். அவர் வீட்டு நாய்.