புக்கெட் தீவில் வீடு வாங்கி, அதன் வாடகையை நம்பி ஓய்வுபெறலாமா?

கேள்வி: எனக்கு வயது 58, மனைவிக்கு 54. ஏற்காட்டில் ஒரு சிறிய காட்டேஜ் நடத்திவருகிறோம். சேலம் அழகாபுரத்தில் என் பெயரில் இருந்த வீட்டுமனையைக் கடந்த மாதம் விற்றதில் 1.60 கோடி ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. தாய்லாந்தின் புக்கெட் தீவில் இப்போது கட்டப்பட்டுவரும் அடுக்குமாடிக் குடியிருப்பில் 1.10 கோடிக்கு ஒரு வீடு வாங்கினால், ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 7 சதவீதம் வாடகை உறுதி என்றும், 90 ஆண்டுகள் வீடு நம் வசம் இருக்கும் என்றும் சேலத்தில் நடந்த விற்பனைக் கூட்டத்தில் ஒரு முகவர் சொன்னார். பணத்தில் ஒரு பகுதியை இங்கேயே ரொக்கமாகக் கொடுத்தால் வரிப் பிடித்தம் இருக்காது என்கிறார். காட்டேஜை மகனிடம் ஒப்படைத்துவிட்டு இந்த வாடகையை நம்பி நாங்கள் ஓய்வுபெறலாமா?
— வாசகர், ஏற்காடு

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் நிபந்தனைகளின்படி இதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. வெளிநாட்டில் வீடு வாங்குவது தவறு என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. உங்கள் கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதியை, எதை வாங்குகிறோம் என்பதே தெளிவாகாத ஓர் ஒப்பந்தத்தில் போட்டு, அதையே முதுமைக்கால வருமானமாகவும் நம்பியிருக்கப் பார்க்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

முதலில் அந்த 90 ஆண்டுகளைப் பார்ப்போம். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலத்தைச் சொந்தமாக வாங்க முடியாது. ஆனால் 1979-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம், ஒரு கட்டடத்தில் உள்ள வீடுகளின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் முழு உரிமையோடு வாங்கிக்கொள்ள இடம் தருகிறது. அப்படி வாங்கிய வீட்டுக்குக் கால வரம்பு கிடையாது. எனவே ஒருவர் ‘90 ஆண்டுகள்’ என்று சொன்னாலே, அவர் விற்பது சொந்த வீடு அல்ல, குத்தகை என்று நீங்கள் புரிந்துகொள்ளலாம். அந்நாட்டு உரிமையியல் சட்டப்படி அசையாச் சொத்துக் குத்தகை 30 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. அதற்கு மேல் எழுதினாலும் 30 ஆகவே குறைத்துக் கொள்ளப்படும். மீதி 60 ஆண்டுகள் என்பது, புதுப்பித்துத் தருவோம் என்று இன்றைய நில உரிமையாளர் தரும் வாக்குறுதி மட்டுமே. 30 ஆண்டுகள் கழித்து அந்த நிலம் யார் கையில் இருக்கும் என்பதை உங்கள் முகவரால் சொல்ல முடியாது.

எனக்கு 58 வயதாகிறது, 30 ஆண்டு போதாதா என்று நீங்கள் நினைக்கலாம். குடியிருப்பதற்கு அது போதும். ஆனால் பத்தாவது ஆண்டில் மருத்துவச் செலவுக்காக விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் மீதமிருக்கும் 20 ஆண்டுகளுக்கு மட்டுமே விலை பேசுவார். சேலத்து மனை வருடாவருடம் மதிப்பு கூடியதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, வருடாவருடம் தேய்ந்துகொண்டே போகும் சொத்து எப்படியிருக்கும் என்று எடுத்துச்சொல்வது கடினம். ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களைப் பெயருக்குப் பங்குதாரர்களாக வைத்து ஒரு நிறுவனம் தொடங்கி, அதன் பெயரில் நிலம் வாங்கலாம் என்று யாராவது வழி சொன்னால் அதை அடியோடு மறுத்துவிடுங்கள். பினாமிப் பங்குதாரர் ஏற்பாடு அங்கே குற்றம்.

அடுத்தது 7 சதவீத உத்தரவாதம். கணக்குப்படி ஆண்டுக்கு 7.70 லட்சம், ஐந்தாண்டுகளில் 38.50 லட்சம். இந்த உத்தரவாதத்துக்குப் பின்னால் நிற்பது எந்த வங்கியும் அல்ல. கட்டுமான நிறுவனத்தின் கையெழுத்து மட்டுமே. வாடகை உறுதித் தொகையை வீட்டின் விலையிலேயே ஏற்றி வைப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். அப்படி ஏற்றியிருந்தால், உங்களுக்கு வருவது விருந்தினர் கொடுத்த வாடகை அல்ல, நீங்கள் முன்கூட்டியே கொடுத்த உங்கள் சொந்தப் பணம். இதைக் கண்டறிய இரண்டு விலைகளைக் கேட்டு வாங்குங்கள்: அதே கட்டடத்தில் உத்தரவாதம் இல்லாமல் வாங்கினால் என்ன விலை, பக்கத்தில் ஏழெட்டு ஆண்டுப் பழைய கட்டடத்தில் இன்று மறுவிற்பனைக்கு இருக்கும் வீடு சதுர மீட்டருக்கு என்ன விலை. இந்த இரண்டையும் எழுத்தில் தர மறுக்கும் முகவரோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

ஆறாவது ஆண்டிலிருந்து என்ன வரும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக மதிப்பிடுவீர்கள். மே மாதக் கோடை விழாவில் இடமில்லை என்று விருந்தினரைத் திருப்பி அனுப்பும் நீங்களே, அடைமழை மாதங்களில் வார நாள்களில் அறைகளைப் பூட்டி வைத்திருப்பீர்கள்; ஆனால் காவலாளியின் சம்பளமும் மின்கட்டணமும் நிற்பதில்லை. புக்கெட்டும் அப்படியே: நவம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டம், மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. ஏற்காட்டில் கூட்டம் குறைந்தால் நீங்கள் நேரில் நின்று செலவைச் சுருக்கலாம். அங்கே பராமரிப்புக் கட்டணத்தையும் வாடகை நிர்வாகியின் பங்கையும் அவர்கள் சொன்னபடி கொடுத்துத்தான் ஆக வேண்டும். சுற்றுலாவை நம்பிய நாட்டில் வருமானம் குறைவது மட்டுமல்ல, முற்றிலும் நின்றும் போகலாம். 2019-இல் ஏறத்தாழ 4 கோடி வெளிநாட்டுப் பயணிகள் சென்ற தாய்லாந்துக்கு, 2021-இல் 5 லட்சம் பேர்கூடப் போகவில்லை. அப்படி ஓர் ஆண்டில் கட்டுமான நிறுவனம் உத்தரவாதத்தை நிறுத்திவிட்டால், புக்கெட் நீதிமன்றத்தில் வழக்கு நடத்த உங்களால் முடியுமா?

இன்னொன்றையும் விற்பனைக் கூட்டத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு வாடகைக்கு விடுவது, 2004-ஆம் ஆண்டின் ஓட்டல் சட்டப்படி, பொதுவாக ஓட்டல் உரிமம் தேவைப்படும் தொழில். சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்கு விடும் திட்டம் என்றால், அந்தக் கட்டடத்துக்கு ஓட்டல் உரிமம் இருக்கிறதா என்று கேட்டு அதன் நகலைப் பெற வேண்டும். கட்டி முடிக்காத வீட்டுக்கு நீங்கள் தவணை தவணையாகக் கொடுக்கும் பணத்தை வீடு முடியும்வரை மூன்றாமவரின் காப்புக் கணக்கில் வைப்பது அங்கே கட்டாயமில்லை என்பதால், கட்டி முடித்து நில அலுவலகத்தில் பதிவுக்குத் தயாராக இருக்கும் வீட்டை மட்டுமே நான் பரிசீலிப்பேன்.

ரொக்கம் கொடுக்கும் யோசனையைப் பொறுத்தவரை, ஒரு ரூபாய்கூட அப்படிக் கொடுக்காதீர்கள். தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வகுத்துள்ள எல்.ஆர்.எஸ். திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை, அதாவது 2 கோடி ரூபாய்க்கு மேல், வங்கி வழியாகவே வெளிநாட்டுக்கு அனுப்பிச் சொத்து வாங்கலாம். உங்களுக்குத் தேவையான தொகை அந்த வரம்புக்குள்ளேயே அடங்குகிறது. இங்கே ரொக்கமாக வாங்கி, வங்கியைத் தவிர்த்து ஹவாலா எனப்படும் உண்டியல் வழியில் வெளிநாட்டுக்குப் போகும் பணம், ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தை மீறுவது. தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கவும், வெளிநாட்டுச் சொத்துக்கு ஈடாக இங்குள்ள சொத்தைக் கைப்பற்றவும் அச்சட்டத்தில் இடமுண்டு. ஏற்காட்டுக் காட்டேஜையே இழக்கும் நிலைக்கு அது கொண்டுபோய் விடலாம். அதோடு, வெளிநாட்டவர் முழு உரிமையோடு வீட்டைப் பதிவு செய்ய, பணம் வெளிநாட்டு நாணயமாகத் தாய்லாந்துக்குள் வந்ததற்கான வங்கிச் சான்றை அங்குள்ள நில அலுவலகம் கேட்கும். ரொக்கத்துக்கு அந்தச் சான்று கிடைக்காது.

முகவர் பயமுறுத்திய வரிப் பிடித்தம் உண்மையில் கூடுதல் வரி அல்ல. முதலீட்டுக்காக அனுப்பும் தொகையில் ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதியில் 20 சதவீதத்தை வங்கி டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியாகப் பிடிக்கும். 1.10 கோடியை நீங்கள் ஒருவரே ஓராண்டில் அனுப்பினால் 20 லட்சம் பிடிக்கப்படும். அது உங்கள் வருமான வரிக் கணக்கில் வரவாகி, கட்ட வேண்டிய வரியில் கழிந்து, மிச்சம் திரும்பி வரும். மனை விற்ற ஆதாயத்துக்கு இந்த ஆண்டு வரி கட்ட வேண்டியிருந்தால், அதே ஆண்டில் பிடிக்கப்பட்டால் அதில் நேர்செய்துகொள்ளலாம். இரண்டு நிதியாண்டுகளாகப் பிரித்து அனுப்பினால் பிடித்தம் குறையும். மனைவி பெயரிலும் அனுப்பலாம்; ஆனால் நீங்கள் அவருக்குக் கொடுத்த பணத்திலிருந்து வரும் வருமானம் உங்கள் கணக்கிலேயே சேர்க்கப்படும் என்பதையும், பணம் அனுப்புகிறவரின் பெயர் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. வாங்கிய பிறகு அந்த வீட்டையும் வாடகையையும் ஒவ்வோர் ஆண்டும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்ட வேண்டும். தவறினால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமான ஒரு விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மனை விற்ற பணத்தில் வீடு வாங்கினால் மூலதன ஆதாய வரி விலக்கு உண்டு என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த விலக்கு இந்தியாவில் வாங்கும் அல்லது கட்டும் வீட்டுக்கு மட்டுமே, புக்கெட்டுக்குக் கிடையாது. ஆதாயத்தை அரசு நிறுவனங்களின் வரிவிலக்குப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டு விலக்குப் பெறலாம். அதற்கு மனை விற்ற நாளிலிருந்து ஆறு மாதங்களே கெடு, அதில் ஒரு மாதம் போய்விட்டது. அதனால் முன்பணம் எதுவும் கொடுக்காமல், மனையின் பழைய கிரயப் பத்திரத்தையும் புதிய விற்பனைப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள். வரி எவ்வளவு, வரிவிலக்குப் பத்திரங்களில் போடுவது எவ்வளவு என்று தீர்மானித்து, இருவரின் ஐந்தாண்டுச் செலவையும் மருத்துவத்துக்கான தொகையையும் வங்கி வைப்பிலும் அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டத்திலும் ஒதுக்கிய பிறகு (பொதுவாக 60 வயது நிறைந்தவர்களுக்கே அந்தத் திட்டம் என்பதால், உங்கள் இருவருக்கும் அந்த வயது வரும்வரை வங்கி வைப்பு போதும்), மிஞ்சும் தொகை எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். முழு உரிமையோடு விற்பனைக்கு வரும் கட்டி முடித்த வீட்டுக்கு அந்தத் தொகை போதுமானதா என்று அப்போது சேர்ந்து பார்க்கலாம்.