அம்மாவிடம் கேட்டீர்களா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் புரொடக்‌ஷன் உதவி மேலாளராக இருக்கிறேன். வயது 31. சாயங்காலத்துக்கு மேல் பவர் டேபிளில் (தையல் மெஷின் வரிசையில்) ஆல்டர் பீஸ், அதாவது தையல் சரியில்லாமல் திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ், கூடிக்கொண்டே போகிறது. கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டி) ஏற்றும் இடத்தில்தான் அதிகம். பயன்படுத்துபவரின் கஷ்டத்தைப் புரிந்துகொண்டு தீர்வு தேடும் டிசைன் திங்கிங் என்ற முறையைக் கற்றால் தீர்த்துவிடலாம் என்று ஆன்லைனில் படித்து இரண்டு சான்றிதழ் வாங்கினேன். ஷிப்ட் முடிந்ததும் டெய்லர்களை மாடிக்கு அழைத்து, கலர் ஒட்டுத்தாள் கொடுத்து, பிரச்சினைகளை எழுதச் சொன்னேன். யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்து 60,000 ரூபாய்க்கு ஒரு கோர்ஸ் இருக்கிறது, தவணையில் கட்டலாம். சேரலாமா? ஓவர்லாக் (துணி விளிம்புகளைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) டெய்லராக வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்த அம்மா, இப்போது கண் மங்கி வீட்டில் சும்மாதான் இருக்கிறார். அதனால் செலவை யோசிக்கிறேன்.

பதில்: சேராதீர்கள், தம்பி. பாங்க், ஆஸ்பத்திரி, ஐ.டி. கம்பெனி என்று இடம் மாறினாலும் இதே கேள்வி எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. படித்துவிட்டேன், பலன் இல்லை, அடுத்து எதைப் படிக்க?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசி வரி. கழுத்து ரிப் ஏற்றுவது ஓவர்லாக் டெய்லரின் வேலை. அந்த வேலையைச் செய்து உங்களை ஆளாக்கியவர் அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறார். ஆல்டர் ஏன் வருகிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. செலவுக் கணக்கில்தான் அம்மா வருகிறார். இது எனக்குக் கோபம் தருகிறது, மறைக்க விரும்பவில்லை.

நீங்கள் படித்த டிசைன் திங்கிங்கின் ஐந்து படிகளில் முதல் படி என்ன? எம்பதி. யாருக்குக் கஷ்டமோ அவர் பக்கத்தில் போய் நிற்பது. அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்துக்காக எம்ஆர்ஐ ஸ்கேன் மெஷின்களை வடிவமைத்தவர் டக் டீட்ஸ். தான் உருவாக்கிய மெஷினைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஒரு சின்னப் பெண் அதைப் பார்த்தே அழுவதைக் கண்டார். பல குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் ஸ்கேன் எடுக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் அவருக்குத் தெரியவந்தது. அதன்பிறகு குழந்தைகளோடும் அங்கே வேலை செய்பவர்களோடும் பழகி, அறையையும் மெஷினையும் கடற்கொள்ளைக் கப்பல் போல மாற்றினார். உள்ளே இருக்கும் தொழில்நுட்பத்தைத் தொடவே இல்லை. மயக்க மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டிசைன் திங்கிங் வகுப்புக்கும் போனவர்தான். ஆனால் அந்தக் குழந்தையின் அழுகையைப் பார்த்த பிறகு போனார்.

நீங்களோ ஷிப்ட் முடிந்தபின் கூட்டம் போட்டிருக்கிறீர்கள். கீழே கம்பெனி வேன் நிற்கும், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும். அந்த நேரத்தில் மேலாளர் முன்னால் தன் தப்பைத் தாளில் எழுதிக் கொடுக்க எந்தப் பெண் துணிவாள்? உங்கள் அம்மா வேலை முடிந்து வரத் தாமதமான நாட்களில் வாசலில் நின்றவர்தானே நீங்கள்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாலு ஆல்டர் பீஸை அம்மா கையில் கொடுங்கள். கண் மங்கினாலும் விரல் மறக்காது. ரிப்பை எவ்வளவு இழுத்துப் பிடித்து ஏற்றுகிறோம் என்பது கை சோர்ந்தால் மாறும். ஒரு பக்கம் சுருங்கும், இன்னொரு பக்கம் தொளதொளக்கும். அதுதானா, அல்லது ஊசி மழுங்கியதா, கறுப்புத் துணியில் கறுப்பு நூல் டியூப்லைட்டில் தெரியவில்லையா, கட்டிங்கிலிருந்தே ரிப் குட்டையாக வருகிறதா? "ஏன் தப்பு வருது?" என்று கேட்காதீர்கள். "சாயங்காலம் ஆனா டேபிள்ல என்னம்மா நடக்கும், முதல்ல இருந்து சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள்.

அப்புறம் கம்பெனியில், வேலை நேரத்திலேயே, ஒரு டெய்லர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். கையில் வாட்ச், நோட்டு, போன் எதுவும் வேண்டாம். காரணம் புலப்பட்டதும் ஒரே ஒரு டேபிளில், ஒரு வாரம், மாற்றிப் பாருங்கள். விளக்கை டேபிளுக்குப் பக்கத்தில் இறக்கிக் கட்டுவதாக இருக்கலாம், மதியம் ஊசி மாற்றுவதாக இருக்கலாம். அந்த வாரம் பீஸ் குறைந்தால் டெய்லரின் கூலி குறையக் கூடாது. இதை முதலாளியிடம் முன்கூட்டியே பேசி முடியுங்கள். பரிசோதனை செய்பவர் நீங்கள், அதன் நஷ்டத்தைச் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி இருப்பவர் தலையில் ஏற்றுவது அநியாயம்.

60,000 ரூபாயைத் தொடாதீர்கள். கண் மங்கலைச் செலவுக் கணக்கில் எழுதினீர்களே, டாக்டரிடம் காட்டினீர்களா? கண்புரையாக இருந்தால் சின்ன அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். கோவையில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. இந்த வாரமே லீவு போட்டு நீங்களே கூட்டிப் போங்கள், மனைவியையோ தங்கையையோ அனுப்ப வேண்டாம். பெற்றவளின் கண்ணைக் கவனிப்பது மகனின் கடமை, அதற்குத் தவணை கிடையாது.

பார்வை தெளிந்ததும் முதலாளியிடம் அனுமதி வாங்கி, அம்மாவை ஒரு நாள் அந்த டேபிளுக்கு அழைத்து வாருங்கள். அன்றைக்கு அவருக்கு முழு ஷிப்ட் சம்பளம் போடச் சொல்லுங்கள்.