மொட்டைக் கடிதங்களின் ஊர்

வணக்கம்,

பிரெஞ்சு இயக்குநர் ஹென்றி-ஜார்ஜ் க்ளூசோவின் 'லெ கொர்போ' (1943) படம் பார்த்தேன். துப்பறியும் கதை என்ற அளவில் ஏமாற்றம்தான். சந்தேகப்பட்டவர்களை எல்லாம் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து மணிக்கணக்கில் எழுதவைத்தும் மொட்டைக் கடிதம் எழுதிய ஆள் சிக்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை. போதாததற்கு இது ஜெர்மானியப் பணத்தில் எடுத்த படம். இதை நாஜி எதிர்ப்புப் படம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

நீங்கள் நம்ப முடியவில்லை என்கிற காட்சிதான் நிஜத்திலிருந்து வந்தது. பிரான்ஸின் கொர்ரேஸ் மாவட்டத் தலைநகர் துல். அங்கே 1917 முதல் 1922 வரை நூறுக்கும் மேற்பட்ட மொட்டைக் கடிதங்கள் சுற்றின. யாருக்கு யாரோடு தொடுப்பு, யார் எதை மறைக்கிறார் என்பதெல்லாம் பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தன. லியோனிலிருந்து தடயவியல் நிபுணர் எட்மோன் லொகார் வரவழைக்கப்பட்டார். அவர் செய்தது மிக எளிது: சந்தேகப்பட்டவர்களை உட்காரவைத்து, சொல்லச் சொல்ல எழுதவைத்தார், நிறுத்தாமல்.

ஏன் நிறுத்தாமல்? கையெழுத்தை மாற்றி எழுதுவது முழுக்கக் கவனத்தின் வேலை. ஒரு பக்கம் வரை யாரும் சமாளித்துவிடலாம். கை சோர்ந்ததும் பழக்கம் மேலே வரும். கோடுகளை எந்த வரிசையில் போடுகிறோம், எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுகிறோம், எழுத்தின் உயரத்துக்கும் அகலத்துக்கும் என்ன விகிதம் என்பவை எல்லாம் நாம் யோசித்துச் செய்பவை அல்ல. அதனால் அவற்றை நெடுநேரம் மறைக்கவும் முடியாது. மாவட்ட ஆட்சி அலுவலகத்தில் வேலை பார்த்த ஆஞ்செல் லவால் ஒவ்வொரு வரியையும் வெகு மெதுவாக, எழுதியதன் மேலேயே திரும்பத் திரும்பத் தீட்டியபடி எழுதினார். அந்த மெதுவே லொகாருக்கு முதல் துப்பு. 1922 டிசம்பரில் வழக்கு விசாரணைக்கு வந்தது. கிடைத்ததோ நிறுத்திவைக்கப்பட்ட ஒரு மாதச் சிறையும் கொஞ்சம் அபராதமும்தான்.

துல்லில் பலித்தது படத்தில் ஏன் பலிக்கவில்லை? இந்தச் சோதனை இரண்டு நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. எழுதியவர் ஒரே ஆள். சோதிப்பவர் குற்றத்துக்கு வெளியே இருப்பவர். திரைக்கதை எழுதிய லூயி ஷவான்ஸ் இரண்டையும் உடைத்துவிடுகிறார். கடிதங்களைத் தொடங்கியவள் லோரா, அவளை வைத்துத் தொடர்ந்தவர் அவள் கணவர் வோர்ஸே, நடுவே கதாநாயகன் டாக்டர் ஜெர்மேனைக் காதலிக்கும் டெனீஸும் தன் பங்குக்கு ஒன்று எழுதிவிடுகிறாள். வகுப்பறையில் வரிகளை வாசித்து எழுதவைக்கும் மனநல மருத்துவரும் அதே வோர்ஸே! பிறகு எப்படிச் சிக்கும்? சோதனை தோற்பது திரைக்கதையின் ஓட்டை இல்லை, திட்டம். இரண்டாம் முறை பார்க்கும்போது எழுதுகிறவர்களை விட்டுவிட்டு வாசிக்கிறவரைப் பாருங்கள். வோர்ஸேயாக வரும் பியேர் லார்க்கே எவ்வளவு அனுபவித்து நடிக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

அதே வகுப்பறையில்தான் தொங்குவிளக்கை ஆட்டிவிட்டு, வெளிச்சம் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று டாக்டர் ஜெர்மேனை வோர்ஸே கேட்பதும். எல்லோரும் மேற்கோள் காட்டும் காட்சி. எனக்கு அதைவிட முக்கியமானது கடிதம் எழுதியவள் என்று ஊர் சந்தேகிக்கும் செவிலி மாரி கொர்பேன் காலியான தெருக்களில் ஓடும் காட்சி. துரத்தும் கூட்டம் கண்ணில் படுவதில்லை, இரைச்சல் மட்டும்தான். ஒளிப்பதிவாளர் நிக்கொலா ஹேயே சட்டகத்தைச் சாய்த்து வைத்திருக்கிறார். ஊரே ஒரு பெண்ணின் மேல் பாய்வதைக் காட்ட ஒரு துணைநடிகர்கூடத் தேவைப்படவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. 'நாஜி எதிர்ப்புப் படம்' என்பது கொஞ்சம் மிகை. ஷவான்ஸ் திரைக்கதையைப் பதிவு செய்தது 1937-ல், ஜெர்மனி பிரான்ஸை ஆக்கிரமிப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. தயாரித்த கான்டினென்டல் நிறுவனம் 1940-ல் ஜெர்மானியர் தொடங்கியது, தலைவர் ஆல்ஃப்ரெட் கிரெவென். படத்தில் ஒரு ஜெர்மன் சீருடை கிடையாது. ஆனால் 1943 செப்டம்பரில் அது வெளியானபோது, அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்கும் கடிதங்கள் பிரான்ஸெங்கும் அதிகாரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அரங்கில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே மொட்டைக் கடிதத்துக்கும் காட்டிக்கொடுப்புக்கும் எதிரான படம் என்று சொல்லுங்கள், சரியாக இருக்கும்.

யாருக்கும் பிடிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கத்தோலிக்கத் திரைப்பட மையம் மிக மோசமான படங்களுக்கான தரத்தை இதற்குக் கொடுத்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த இயக்கத்தின் தலைமறைவு இதழோ பிரெஞ்சு மக்களை இழிவுபடுத்துவதாகத் திட்டியது. ஜெர்மானியரிடமிருந்து பிரான்ஸ் விடுதலையான பின் படத்துக்குத் தடை. ஜெர்மேனாக நடித்த பியேர் ஃப்ரெனே சில வாரங்கள் சிறையில் இருந்தார், டெனீஸாக நடித்த ஜினெட் லெக்லேர் அதைவிட நீண்ட காலம். க்ளூசோ படம் எடுக்க முதலில் ஆயுள் தடை, பிறகு அது இரண்டு ஆண்டாகக் குறைந்தது.

திரும்பி வந்து 1947-ல் அவர் எடுத்தது 'கே தெ ஒர்ஃபேவ்ர்'. போலீஸ் விசாரணையைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும் என்றால் அடுத்து அதைப் பாருங்கள்.