பல் மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மூன்றாம் ஆண்டு பி.டி.எஸ். மாணவர்களுக்கு நோயாளியிடம் பேசும் முறை பற்றி வகுப்பு எடுத்தேன். நன்றாகத் தலையாட்டினார்கள். ஓ.பி.யில் பார்த்தால், பல்லை எடுத்ததும் அறிவுரைகளை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். எப்படிப் பழக்குவது?
– விரிவுரையாளர், சேலம்

பதில்: வகுப்பு போதும், ஒத்திகை வையுங்கள். பல் எடுத்தபின் சொல்லும் அறிவுரை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மூன்று பேராக உட்காரட்டும்: டாக்டர், நோயாளி, பார்வையாளர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். நோயாளியாக இருப்பவர் நிஜமாகவே பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். வாயைத் திறந்து ஒரு சந்தேகம்கூடக் கேட்க முடியாது என்பது அப்போதுதான் உறைக்கும். அதனால் முக்கியமானவற்றை மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே ஒருமுறை சொல்லிவிடப் பழக்குங்கள்.

பஞ்சு அரை மணி முதல் முக்கால் மணி நேரம். எச்சிலைத் துப்பக் கூடாது, விழுங்க வேண்டும். 24 மணி நேரத்துக்குக் கொப்பளிக்கக் கூடாது, பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். பீடி, சிகரெட் கூடாது. இதை எல்லா மாணவரும் சொல்லிவிடுவார்கள். விட்டுவிடுவது காரணத்தை. குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர்போகிற வலி வரும் என்று தெரிந்தவர்தான் துப்பாமல் இருப்பார்.

'புரிஞ்சுதா?' என்ற கேள்வியைத் தடை செய்யுங்கள். பாதி பேர் மரியாதைக்காகவே 'புரிஞ்சுது டாக்டர்' என்பார்கள். 'நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும்மா, வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்க, சொல்லுங்க' என்று கேட்கட்டும். தப்பாகச் சொன்னால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி விளக்கினால் போதும்.

பார்வையாளர் மதிப்பெண் போட வேண்டாம். காதில் விழுந்த வாக்கியங்களை அப்படியே எழுதட்டும். முடிந்ததும் முதலில் டாக்டராக இருந்தவர், அடுத்து நோயாளி, பிறகு பார்வையாளர், கடைசியில் நீங்கள். ஆசிரியர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் ஆமாம் போடுவதோடு சரி.

கேள்வி: மேல் பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்று பயப்படுகிறவர்களிடம் என்ன சொல்வது?
– பயிற்சி மருத்துவர், மதுரை

பதில்: சிரிக்காதீர்கள், 'மூடநம்பிக்கை' என்றும் சொல்லாதீர்கள், பேச்சு அங்கேயே முறிந்துவிடும். யாருக்கு என்ன ஆனது என்று முதலில் கேளுங்கள். பிறகு, பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு என்று சொல்லுங்கள். மிக அரிதாக, ஊசிக்குப் பின் சிறிது நேரம் இரண்டிரண்டாகத் தெரிவதுண்டு. மருந்தின் வேகம் தணிந்ததும் சரியாகிவிடும். கேட்டால் அதையும் மறைக்க வேண்டாம்.